கோத்தகிரியில் காற்று லேசு, அதனால்தான் பேஸ் கேட்கவில்லையா?

நவம்பர் 6, கேள்வி

அண்ணா, கோத்தகிரி பக்கம் சின்னதாக ஒரு குழு வைத்திருக்கிறோம். இரண்டு கிடார், ஒரு பேஸ், கீபோர்டு. இதே பேஸ் ஆம்ப் மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டு ஹாலில் நெஞ்சை அதிர வைத்தது. இங்கே எங்கள் ரூமில் பேஸ் காணாமல் போகிறது. கூடவே எந்நேரமும் ஊம்ம் என்று ஒரு சத்தம். மலையில் காற்று லேசு, அதனால் பேஸ் எடுபடாது என்கிறார் கீபோர்டுக்காரர். இப்போது இருப்பது 100 வாட். 200 வாட் வாங்கிவிடலாமா?

நவம்பர் 6, இரவு

வாங்காதீர்கள் தம்பி. முதலில் அந்தக் காற்றுக் கதையை முடித்துவிடுவோம். குன்னூரில் இதைச் சொல்லாத மைக்செட்காரர் இல்லை.

காற்று லேசு என்பது உண்மைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்துக் காற்றின் அடர்த்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் கொஞ்சம் கீழேதான் அங்கே இருக்கும். கோத்தகிரி அதைவிடச் சற்றுத் தாழ்வு. ஸ்பீக்கரின் கூம்பு அதே அளவு ஆடினாலும், தள்ளுவதற்குக் காற்று குறைவாக இருப்பதால் ஒலியழுத்தம் குறையும். எவ்வளவு? கணக்குப் போட்டால் சுமார் 2 டெசிபல். பாட்டு ஓடும்போது ஒருவர் பின்னால் போய் அந்த அளவுக்குக் குறைத்துவிட்டு வந்தால், பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள். அதுவும் பேஸுக்கு மட்டும் குறைவதில்லை. கிடார், மைக், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான். பேஸ் மட்டும் தனியாகத் தொலைகிறது என்றால் கீபோர்டுக்காரர் வேறு காரணம் தேட வேண்டும்.

வாட் கணக்கும் இதேபோலத்தான் ஏமாற்றும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். நீங்கள் கொடுக்கப்போகும் பணத்துக்கு வரப்போவது அந்த 3.

எனக்கு வேண்டிய விவரம்: ரூமின் நீள அகல உயரம், சுவர் எதனால் ஆனது, ஆம்ப் எங்கே இருக்கிறது, வாசிக்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள். அப்புறம், பேஸின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் அந்த ஊம்ம் போகிறதா, இல்லையா.

நவம்பர் 7

தம்பி அளந்து அனுப்பிவிட்டார். நீளம் 13 அடி, அகலம் 10, உயரம் எட்டரை. கல் சுவர், மேலே கான்கிரீட். ஆம்ப் ஒரு குறுக்குச் சுவரை ஒட்டி. அவர் நிற்பது ரூமின் நட்ட நடுவில். பாதி நோய் இங்கேயே பிடிபட்டுவிட்டது.

எதிரெதிரே இரண்டு கெட்டிச் சுவர் இருந்தால், அவற்றுக்கு நடுவே அரை அலை சரியாகப் பொருந்தும் சுரம் ஒன்று தேங்கி நிற்கும். 15 டிகிரிக் குளிரில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். 13 அடி என்றால் கிட்டத்தட்ட 4 மீட்டர். 340ஐ அதன் இரட்டிப்பால் வகுத்தால் 43 ஹெர்ட்ஸ். பேஸில் மிகத் தடித்த கம்பியைச் சும்மா தட்டினால் வரும் ஈ 41, அடுத்த கட்டத்து எஃப் ஏறக்குறைய 44. 10 அடி அகலத்துக்கு 56 வருகிறது. அது திறந்த ஏ கம்பி, 55. எட்டரை அடி உயரத்துக்கு 65 அல்லது 66. அது சி.

எஃப், ஏ, சி. தம்பி, உங்கள் ரூமே ஒரு எஃப் மேஜர் கார்டு! விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது.

இந்தத் தேங்கும் சுரங்கள் சுவரோரத்தில் வீங்கும், நடுவில் செத்துப்போகும். நீங்கள் நிற்கும் இடம் நீளத்துக்கும் நடு, அகலத்துக்கும் நடு. ஈயும் எஃப்பும் ஏயும் உங்கள் காதுக்கு வராமல் சுவரோரம் குடியிருக்கின்றன. வெளியே வராந்தாவில் இருக்கும் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். பேஸ் தாங்க முடியவில்லை என்பார்.

செய்ய வேண்டியது: ஒருவரைத் திறந்த ஈயை விடாமல் தட்டச் சொல்லிவிட்டு ரூமுக்குள் மெதுவாக நடங்கள். எங்கே அளவாகக் கேட்கிறதோ அங்கே நில்லுங்கள். ஆம்பையும் நீளவாக்கில் ஒரு இரண்டு மூன்று அடி நகர்த்திப் பாருங்கள். பைசா செலவில்லை.

நவம்பர் 7, கொஞ்ச நேரம் கழித்து

பேஸ் நாபை முழுக்கத் திருகி வைத்திருப்பதாக எழுதியிருந்தார். செத்துப்போன இடத்தில் அது வேலைக்கு ஆகாது. நீங்கள் கூட்டக் கூட்ட, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வருவதும் சேர்ந்து கூடும். இரண்டும் உங்கள் காதருகே ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிச்சம் ஆம்ப் சூடாவதுதான். அந்த நாபை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, மிட் என்று இருப்பதைக் கொஞ்சம் ஏற்றுங்கள். விரல் கம்பியை இழுக்கும் சத்தம் 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அது காதில் விழுந்தால் மூளை அடிச்சுரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

நவம்பர் 8

கூடலூர்க்காரர் ஒருவர் கேட்கிறார்: சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் சரியாகிவிடாதா?

ஆகாது. கைதட்டினால் வரும் கிண்கிணுப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 43 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டர் பக்கம். அதைப் பஞ்சு வைத்துச் சரியாக விழுங்க வேண்டுமானால் கால் அலை, அதாவது 2 மீட்டர் கனத்துக்கு வைக்க வேண்டும். அப்புறம் ரூம் எங்கே இருக்கும்? உங்கள் ஊர் ஜூன் மாத ஈரத்துக்கு அந்த அட்டை ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிடும். கதவைத் திறந்து வையுங்கள், கொஞ்சம் பேஸ் வெளியே கசிந்து தேக்கம் குறையும். குளிருமே என்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

நவம்பர் 10

இப்போது அந்த ஊம்ம். இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வரிசையை மாற்றாமல் போனால் பத்து நிமிஷத்தில் எந்த இடம் என்று தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றினால் பொழுது விடிந்தாலும் தெரியாது.

ஆம்பிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். அப்போதும் ஊம்ம் இருந்தால் ஆம்புக்குள்ளேயோ கரண்டிலோ கோளாறு. போய்விட்டதா? கேபிளைச் சொருகி, பேஸ் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். சத்தம் திரும்பி வந்தால் கேபிள் அல்லது எர்த் சங்கதி. பூஜ்யத்தில் அமைதி, ஏற்றினால் சத்தம் என்றால் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சுருள், வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அப்போது கிடாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் குறையும், இன்னொன்றில் கூடும். கூடும் திசையில் எந்தப் பெட்டி, எந்த டியூப்லைட் சோக், எந்த செல்போன் சார்ஜர் இருக்கிறது என்று பாருங்கள்.

கம்பியைத் தொட்டால் சத்தம் குறைகிறதா? அது இயல்பு, கம்பியின் எர்த் வேலை செய்கிறது என்று அர்த்தம். தொட்டால் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு ஒயர் இடம் மாறியிருக்க வாய்ப்பு. பழைய கிடாரை யாரோ திறந்து பற்று வைத்திருந்தால் இது சகஜம்.

தம்பியின் பேஸில் இரண்டு பிக்கப், இரண்டு வால்யூம். இந்த ஜாஸ் வகையில் பொதுவாக ஒரு பிக்கப்பின் சுருள் மற்றதற்கு எதிராகச் சுற்றியிருக்கும். இரண்டையும் சம அளவில் வைத்தால் ஹம், அதாவது அந்த ஊம்ம், ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றைக் குறைத்த உடனே எட்டிப் பார்க்கும். ஹம்பக்கர் என்று கிடாரில் வருவதும் இதே வேலைதான். கிப்சனில் சேத் லவர் என்பவர் 1955இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பெயரிலேயே ஹம்மை முட்டித் தள்ளுகிறேன் என்று எழுதி ஒட்டியிருக்கிறது.

நவம்பர் 10, இரவு

ஹம் எந்த வகை என்று காதால் பிடிக்க பேஸ்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். தடித்த கம்பியில் மூன்றாம் கட்டத்து ஜி 49. அதை வாசித்தால் ஹம்மோடு சேர்ந்து நொடிக்கு ஒரு முறை வீங்கி வடியும். திறந்த ஜி கம்பி 98. அதோடு நொடிக்கு இரண்டு முறை அலைந்தால் ஹம் 100. வெறும் 50 என்றால் கேபிள், எர்த், பிக்கப். 100 மட்டும் தனியாக, கொஞ்சம் கரகரப்போடு வந்தால் ஆம்புக்குள் மின்சாரத்தைச் சமன் செய்யும் பெரிய கெப்பாசிட்டர்கள் சோர்ந்துவிட்டன. அது ரிப்பேர்காரர் வேலை.

வால்வ் ஆம்ப், அதாவது கண்ணாடிக் குழாய் போட்ட வகை, வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்காதீர்கள்.

நவம்பர் 11

கேத்தி ஊரிலிருந்து அண்ணன் ஒருவர் ஒரு திருத்தம் சொல்கிறார், நியாயமானது. 8 இஞ்ச் ஸ்பீக்கர் உள்ள சின்ன ஆம்பில் 50 ஹெர்ட்ஸ் சரியாக வெளியே வராது, அதன் மடங்குகளான 100, 150தான் காதுக்குக் கிடைக்கும். அதனால் ஜி கம்பிச் சோதனையில் எல்லாமே 100 போலத் தெரியும். சரி. பேஸ் ஆம்பில் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் நல்ல ஹெட்போனில். அண்ணனுக்கு ஒரு டீ பாக்கி.

நவம்பர் 13

தம்பியின் பதில்: பேஸ் வால்யூம் பூஜ்யம், அப்போதும் ஊம்ம். கேபிளைக் கழற்றினாலும் ஊம்ம். ஆனால் ஆம்பிலிருந்து மிக்சருக்கு, அதாவது எல்லாக் கருவியின் சத்தத்தையும் கலக்கும் பெட்டிக்கு, போகும் ஒயரைக் கழற்றினால் சுத்தமாக நின்றுவிடுகிறது. ஆம்ப் ஜன்னலோர பிளக் பாயின்டில், மிக்சர் அடுத்த ரூமிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்.

எதிர்பார்த்ததுதான். இரண்டு பாயின்டுக்கும் எர்த் வேறு வேறு வழியில் வருகிறது. நடுவில் உங்கள் ஆடியோ ஒயரின் உறை இரண்டையும் இணைத்து ஒரு வளையத்தைப் பூட்டிவிட்டது. அந்த வளையத்தில் ஓடுகிற கொஞ்சூண்டு கரண்ட்தான் ஊம்ம். ஆம்ப், மிக்சர், கீபோர்டு, பெடல் எல்லாவற்றையும் ஒரே பாயின்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷனில் எடுங்கள். குழுவின் மொத்தச் சாமானுக்கும் அது தாராளமாகத் தாங்கும். ரூம் ஹீட்டரை மட்டும் அதில் சொருகிவிடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் உருகும், அதற்கு முன்னாலேயே தெர்மோஸ்டாட் டிக் டிக் என்று ஸ்பீக்கரில் தாளம் போடும்.

நவம்பர் 13, மீண்டும்

இன்னொருவர் கீழே, மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை வெட்டிவிட்டால் ஹம் போய்விடும் என்று எழுதியிருக்கிறார்.

போய்விடும். அதோடு ஆளும் போய்விடலாம். 1972இல் வேல்ஸில் ஸ்வான்சி என்ற ஊரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார்காரர் லெஸ் ஹார்வி மேடையிலேயே மைக்கைத் தொட்ட மாத்திரத்தில் மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியில்லாத இடத்தில் கிடார் கம்பி ஒரு கையில், மைக் உதட்டருகே. நடுவில் நம் உடம்பு. இந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

வளையத்தை உடைக்கச் சரியான வழி டி.ஐ. (D.I.) பாக்ஸ், கருவிக்கும் மிக்சருக்கும் நடுவில் போடும் சின்னப் பெட்டி. அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது மிக்சருக்குப் போகும் ஆடியோ ஒயரின் கிரவுண்டை மட்டும்தான் துண்டிக்கும். உங்கள் ஆம்பின் எர்த் அப்படியே இருக்கும். பேஸை நேராக மிக்சரின் லைன் ஜாக்கில் சொருகுபவர்களுக்கும் இது வேண்டும். சாதாரண பேஸ் பிக்கப் 10,000 ஓம் உள்ள லைன் இன்புட்டைப் பார்த்தாலே மூச்சுத் திணறிவிடும், சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். அக்கூஸ்டிக் கிடாரில் ஒட்டும் பீசோ பிக்கப்புக்கு இன்னும் மோசம். அதற்குப் பத்து லட்சம் ஓமாவது வேண்டும்.

நவம்பர் 14

எர்த் பற்றிக் கேட்டவர்களுக்கு. மலையில் பழைய வீடுகளில் எர்த் குழி இருக்கும், ஆனால் குழிக்கு எர்த் இருக்காது. கரியும் உப்பும் போட்டுப் புதைத்ததை அதற்கப்புறம் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் மண் நனைந்து கிடப்பதால் ஓட்டம் சுமாராக இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்தவுடன் ஆம்பின் உலோகப் பெட்டியில் கை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி சுரீர் என்னும். தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ தகராறு. 30 மில்லியாம்பியரில் விழும் டிரிப் சுவிட்ச் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். புதிய பெடல் ஒன்றின் விலைகூட ஆகாது.

நவம்பர் 19

மூன்று நாளாக மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. இன்வெர்ட்டரில் வாசித்துப் பார்த்தவர்களுக்கு அந்த ர்ர்ர் சத்தம் தெரிந்திருக்கும். சாதாரண இன்வெர்ட்டர் தருவது வழவழப்பான அலை இல்லை, படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும். அந்த ஒவ்வொரு படியின் முனையும் ஸ்பீக்கரில் கேட்கும். கேபிளை மாற்றி, பிக்கப்பை மாற்றி ஒன்றும் ஆகாது. சைன் வேவ் என்று எழுதியிருக்கும் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. ஆம்பின் குற்றமா என்று சந்தேகம் வந்தால், கரண்ட் வரும்வரை தீர்ப்பு எழுதாதீர்கள்.

நவம்பர் 20

தம்பி வீட்டில் ஊம்ம் நின்றுவிட்டதாம். ஒரே எக்ஸ்டென்ஷன், அவ்வளவுதான். பேஸும் சுவர்ப் பக்கம் வந்து நின்றால் கேட்கிறதாம். ஆனால் புது வியாதி: வாசித்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று சத்தம் பாதியாகி, அப்புறம் தானே திரும்புகிறதாம்.

ஆம்பின் பின்பக்கம் செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு சின்ன பேட்ச் கேபிளை எடுத்து ஒன்றிலிருந்து மற்றதற்குச் சொருகுங்கள். அதோடு குணமானால் ஆள் சிக்கினான். அந்த ஜாக்குக்குள் ஒரு பித்தளை நாக்கு இருக்கிறது. எதையும் சொருகாதபோது அதுதான் சிக்னலை உள்ளேயே கடத்திவிடும். நம் ஊர் ஈரத்தில் அது கறுத்துவிடும். பல கம்பெனி ஆம்ப்களில் இந்தத் தொல்லை வரும். எனக்கு ரிப்பேருக்கு வருகிற ஆம்பில் பாதிக்கு இதுதான் வைத்தியம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு உள்ளே அடித்து, ஜாக்கைப் பலமுறை சொருகிச் சொருகி எடுங்கள். நாப் திருப்பும்போது கரகரவென்றால் அதற்கும் இதே மருந்து. கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய் வேண்டாம், பின்னால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நவம்பர் 20, இரவு

ஈரம் என்றதும் நினைவு வந்தது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவம், கூடலூருக்குத் தென்மேற்கு. யாருக்கு எப்போது பூஞ்சை என்பதுதான் வித்தியாசம். எங்கள் வீட்டில் பீரோவுக்குள் ஒரு 15 வாட் குண்டு பல்பு எரியும். துணியும் கேபிளும் ஒரே பீரோ, பல்பைத் தொடாமல் தள்ளி. வீட்டம்மாவுக்கு இதில் ஆட்சேபம் உண்டு. ஆனால் கேபிள் கறுப்பதில்லை, அதனால் ஆட்சேபம் ஆட்சேபமாகவே நிற்கிறது.

டிசம்பர் 2

கிடார்காரர்களிடமிருந்து புகார்: பேஸுக்கே எல்லாம் எழுதுகிறேனாம்.

சரி, கிடார். பெரும்பாலும் உங்கள் சத்தம் உங்களுக்கே தெரியாது. 12 இஞ்ச் ஸ்பீக்கரின் கூர்மையான சத்தம் டார்ச் ஒளி மாதிரி ஒரே நேராகப் போகும். ஆம்ப் தரையில், நீங்கள் அதற்கு முன்னால் நான்கடியில். அது உங்கள் முட்டிக்கு வாசித்துக்கொண்டிருக்கிறது. காதுக்கு மந்தமாக இருக்கவே ட்ரெபிளை ஏற்றுகிறீர்கள், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பல் கூசுகிறது. ஆம்பைப் பின்னுக்குச் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் நாற்காலியில் ஏற்றுங்கள். அதற்கப்புறம் நாபைத் தொடுங்கள்.

அடுத்தது கேபிள் நீளம். கேபிள் ஒவ்வொரு மீட்டரும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர், சுமார் 100 பிக்கோஃபாரட். பிக்கப் சுருளும் இதுவும் சேர்ந்து ஒரு ஹெர்ட்ஸில் சத்தத்தைத் தூக்கி முகடு காட்டி, அதற்கு மேலே உள்ள கூர்மையைக் கவிழ்த்துவிடும். ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றுக்கு 5 மீட்டர் கேபிளில் அந்த முகடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால், 10 மீட்டர் கேபிளில் 3,000 பக்கம் இறங்கிவிடும். மேடைக்கு வேண்டுமே என்று வாங்கிய நீளக் கேபிளைச் சுருட்டிப் போட்டு ரூமில் வாசிக்காதீர்கள். சிலர் இந்த மந்தத்தை விரும்பியே வைத்துக்கொள்வார்கள். அது ருசி.

ஸ்பீக்கர் பெட்டிக்குப் போவது வேறு கேபிள். கிடார் கேபிளை அங்கே போட்டால் மெலிந்த கம்பி சூடாகும். வால்வ் ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் சொருகாமல் ஆன் செய்யவே கூடாது. 8 ஓம் பெட்டி இரண்டை இணையாகச் சொருகினால் 4 ஓம். உங்கள் ஆம்ப் 4 ஓம் தாங்குமா என்று பின்பக்கம் படித்துவிட்டுச் சொருகுங்கள்.

டிசம்பர் 3

மேலே எழுதியதோடு ஒன்று. குழுவாக வாசிக்கும்போது கிடாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை மிக்சரில் வெட்டிவிடுங்கள். கிடாரின் அடிக்கம்பி 82. தனியாகக் கேட்டால் கிடார் ஒல்லியாகத் தெரியும், சண்டைக்கு வருவார். சேர்ந்து வாசிக்கும்போது பேஸுக்கு இடம் கிடைக்கும், கிடாரும் தெளிவாகும். தனியாக இனிப்பதும் கும்பலில் இனிப்பதும் வேறு வேறு.

டிசம்பர் 14

கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டது. இந்த வாரம் எல்லோரும் ஒரே கேள்வி, அக்கூஸ்டிக் கிடார் சர்ச்சில் ஊளையிடுகிறது.

அக்கூஸ்டிக் கிடாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுக்கே ஒரு சுரம் உண்டு. பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கம். மானிட்டரிலிருந்து, அதாவது வாசிப்பவர் பக்கம் திருப்பி வைத்த ஸ்பீக்கரிலிருந்து, அந்தச் சுரம் வந்தால் கிடார் தானே பாட ஆரம்பித்துவிடும். வெள்ளைக்காரன் காலத்துக் கல் சர்ச்சில் எதிரொலி வேறு நீளம், கேட்கவே வேண்டாம். ஓட்டைக்கு ரப்பர் மூடி கிடைக்கிறது, போடுங்கள். பிரீஆம்பில் ஃபேஸ் என்று ஒரு பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள். நாட்ச், அதாவது ஒரு சுரத்தை மட்டும் வெட்டும் நாப், இருந்தால் 100 பக்கம் மெதுவாக நகர்த்தி ஊளை அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். மானிட்டருக்கு நேரே கிடாரின் வயிற்றைக் காட்டாமல் கொஞ்சம் திரும்பி நிற்பது எல்லாவற்றையும்விட மேல்.

போன வருஷம் ஒரு சர்ச்சில், பெயர் வேண்டாம், பீடத்தைச் சுற்றிச் சீரியல் லைட். மினுக்கும் ஒவ்வொரு தடவையும் கிடாரில் டிக் என்றது. ஆள் அனுப்பி அணைக்கச் சொன்னால், பாட்டு நின்றாலும் லைட் நிற்காது என்று பதில் வந்தது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கிடார்காரரைப் பத்தடி தள்ளி நிற்க வைத்து ஒப்பேற்றினோம்.

டிசம்பர் 27

ஜீப்பில் ராத்திரி முழுக்கக் கிடந்த ஆம்பை, ஆட்கள் நிறைந்த ஹாலுக்குள் கொண்டுவந்து உடனே ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் ஹாலின் சூடான ஈரக்காற்று பட்டு, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் உள்ளே தண்ணீர் பூத்துவிடும். ஒரு மணி நேரமாவது சும்மா வையுங்கள். கிடாரையும் உறையோடு வைத்துவிட்டு, அப்புறம் திறவுங்கள்.

டியூனிங்கும் இதில் ஆடும். குளிரில் கம்பி சுருங்கி இறுகும், சுரம் ஏறும். வெளியே டியூன் செய்துவிட்டு உள்ளே போனால், சூட்டில் தளர்ந்து இறங்கிவிடும். உள்ளே போய் இரண்டு பாட்டு கழித்து டியூன் செய்யுங்கள். முதல் இரண்டு பாட்டை யாரும் கவனிப்பதில்லை.

ஜனவரி 9

தம்பி திரும்ப வந்திருக்கிறார். படகர் ஊரான ஹட்டி ஒன்றில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்தார்களாம். திறந்த வெளி, பேஸ் இருபதடிக்கு அப்பால் ஒன்றுமே கேட்கவில்லையாம். கீபோர்டுக்காரர் மறுபடியும் காற்றைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே சுவர் இல்லை தம்பி. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் இறங்கும், முட்டுக்கொடுக்க எதிரொலி கிடையாது. ரூமில் தொல்லை கொடுத்த அதே சுவர்தான் அங்கே இத்தனை நாளும் உதவியும் செய்துகொண்டிருந்தது. பெட்டியை மேசையிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, முடிந்தால் கட்டடச் சுவர் ஒன்றுக்கு ஒட்டினாற்போல வையுங்கள். தரையும் சுவரும் அலையை முன்பக்கமே தள்ளும். மைக்செட்காரரிடம் டி.ஐ. வழியாக ஒரு ஒயர் கொடுத்து, அவருடைய பெரிய பெட்டியில் பேஸை விடச் சொல்லுங்கள். உங்கள் ஆம்ப் உங்களுக்கு மட்டும் கேட்டால் போதும்.

ஜனவரி 10

பழைய பங்களா ஒன்றில் வாசிக்கும் ஊட்டி நண்பருக்கு: உங்களுக்கு நேர் எதிர். பலகைத் தரையில் ஆம்பை வைத்தால் தரையே ஸ்பீக்கராகிவிடும், ஒரு சுரம் மட்டும் முழங்கும். கனமான ரப்பர் மேட் மேல் ஒரு சிமெண்ட் பலகை, அதன் மேல் ஆம்ப். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால் மடித்த காகிதத்தைச் செருகுங்கள். கல்யாணத்துக்குத் தரையோடு ஒட்டச் சொன்னீர்களே என்று கேட்காதீர்கள். புல்தரை பாடாது.

பிப்ரவரி 4

கேத்தி அண்ணன்: ஆம்ப் ஆன் செய்தவுடன் ஃப்யூஸ் போகிறது, பெரிய ஃப்யூஸ் போடலாமா?

கூடாது. பின்பக்கம் அச்சடித்திருக்கும் மதிப்பையே போடுங்கள். மதிப்புக்கு முன்னால் டி (T) என்ற எழுத்து இருந்தால் அது மெதுவாக உருகும் வகை. கடையில் சாதாரண ஃப்யூஸைக் கொடுத்துவிடுவார்கள். ஆன் செய்யும்போது ட்ரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் முதல் இழுப்பிலேயே அது போய்விடும், ஆம்பில் ஒரு கோளாறும் இல்லாமல். சரியான வகையைப் போட்டும் உடனே போனால் உள்ளே ஏதோ ஷார்ட். கோவைக்குப் போகும்போது கையோடு நான்கைந்து வாங்கி வாருங்கள், குன்னூர் மார்க்கெட்டில் டி வகை கிடைப்பதில்லை. எனக்கும் இரண்டு, ஒன்றரை ஆம்பியரில்.